டைட்டிலில் விடுபட்ட ஒரு வரி! கோடிகளை கோட்டைவிட்ட பேய்ப்பட டைரக்டர் ரொமேரோ

செத்துப்போனவர்கள் எழுந்து வருகிறார்கள். தள்ளாடித் தள்ளாடி நடக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களை கடித்துத் தின்கிறார்கள். கடிபட்டவனும் செத்து, கொஞ்ச நேரத்தில் அவனும் எழுந்து வருகிறான். மண்டையில் சுட்டால்தான் கதை முடியும்.

இந்த 'பார்முலா'வை இன்று பள்ளிக்கூடம் போகிற பையனைக் கேட்டால்கூட ஒப்பிப்பான். 'ஜாம்பி' படம் என்பான். தமிழில்கூட 2016-ம் ஆண்டு ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' முதல் ஜாம்பி படம் என்று சொல்லித்தான் வெளியானது. அதே ஆண்டு கொரியாவில் இருந்து வந்த 'டிரெயின் டு பூசான்' உலகம் முழுக்க வசூலை அள்ளியது.

இத்தனைக்கும் அஸ்திவாரம் போட்டவர் ஒரே ஆள். பெயர் ஜார்ஜ் ரொமேரோ. அமெரிக்காக்காரர். அவர் கண்டுபிடித்த சரக்கை வைத்து ஊரெல்லாம் கல்லா கட்டியது. அவருக்கு வரவேண்டிய பணம் மட்டும் வரவே இல்லை. காரணம், படத்தின் டைட்டிலில் விடுபட்டுப்போன ஒரே ஒரு வரி!

நம்ப முடியவில்லையா? நடந்தது இதுதான்.

விளம்பரப்பட கம்பெனி

ரொமேரோ 1940-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந்தேதி நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா கியூபாவில் இருந்து வந்தவர், விளம்பரப் படங்கள் வரையும் ஓவியர். படிப்பதற்காக பிட்ஸ்பர்க் நகருக்குப் போன ரொமேரோ, அங்கேயே தங்கிவிட்டார்.

பிட்ஸ்பர்க் அந்தக் காலத்தில் இரும்பு ஆலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர். சினிமாவுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. ஹாலிவுட் இருப்பது நாட்டின் அந்தக் கோடியில்.

நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்ன கம்பெனி ஆரம்பித்தார் ரொமேரோ. பீர் விளம்பரம், சோப்புத்தூள் விளம்பரம் என்று எது வந்தாலும் எடுத்துக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கான டி.வி. நிகழ்ச்சி ஒன்றுக்காக, தொண்டையில் சதை வளர்ந்தால் ஆபரேஷன் எப்படி நடக்கும் என்றுகூட படம் எடுத்தார். பிற்காலத்தில் உலகத்தையே அலறவைத்த மனிதர், ஆரம்பத்தில் 'ஆபரேஷனுக்கு பயப்படாதே கண்ணு' என்று பிள்ளைகளுக்கு தைரியம் சொல்லிக்கொண்டு இருந்தார்!

விளம்பரம் எடுத்தே அலுத்துப்போய், சொந்தமாக ஒரு சினிமா எடுப்பது என்று 1967-ல் முடிவு செய்தார்கள். கையில் பணம் இல்லை. 10 பேர் சேர்ந்து தலைக்கு 600 டாலர் போட்டார்கள். அன்றைக்கு ஒரு டாலர் ஏழரை ரூபாய். ஒரு ஆளுக்கு 4 ஆயிரத்து 500 ரூபாய். நம்ம ஊர் சீட்டு பிடிக்கிற மாதிரிதான். பிறகு அங்கே இங்கே கேட்டு சேர்த்ததில் மொத்த செலவு 1 லட்சத்து 14 ஆயிரம் டாலரில் நின்றது.

குறைந்த காசில் எடுக்க பேய்ப்படம்தான் வசதி. ஒரு வீடு, ஒரு ராத்திரி, நாலைந்து ஆட்கள் போதும்.

சாக்லேட் ரத்தம்

பிட்ஸ்பர்க் பக்கத்தில் எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூரில், இடிக்கப்போகிற பழைய பண்ணை வீடு ஒன்று கிடைத்தது. எப்படியும் இடிக்கப்போகிறார்கள் என்பதால் கதவை உடைக்கலாம், சுவரில் ஆணி அடிக்கலாம், கேட்க ஆள் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராது. படப்பிடிப்புக் குழுவில் சிலர் அந்த வீட்டிலேயே படுத்து எழுந்தார்கள்.

படம் கருப்பு வெள்ளை. அதனால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பை ஊற்றினார்கள். திரையில் ரத்தமாகவே தெரிந்தது. பிணங்கள் தின்னும் மாமிசம் கசாப்புக்கடையில் இருந்து வந்தது.

பணம் போட்ட தயாரிப்பாளர்களே நடிகர்கள். மேக்கப் போட்டவரும் ஒரு நடிகைதான். சுடுகாட்டில் முதல் பிணமாக தள்ளாடி வருபவர் கம்பெனியின் கேமராக்காரர். டி.வி. நிருபராக வருகிறவர், அந்த ஊர் டி.வி.யில் பேய்ப்படம் போட்டு பேசுகிற நிஜமான அறிவிப்பாளர்.

கதாநாயகன் டூவான் ஜோன்ஸ் மட்டும் வேறு ரகம். ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். கருப்பினத்தைச் சேர்ந்தவர். கதையில் ஹீரோ என்ன நிறம் என்று எழுதி இருக்கவில்லை. வந்தவர்களில் நன்றாக நடித்தவர் இவர், எனவே இவருக்கு வாய்ப்பு. அவ்வளவுதான் என்பார் ரொமேரோ. ஆனால் 1967-ல் அமெரிக்காவில் ஒரு கருப்பர் ஹீரோவாகி, வெள்ளைக்காரர்களுக்கு உத்தரவு போடுகிறார், ஒருவரை அறைகிறார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

முடிவுதான் உச்சம். ராத்திரி முழுக்க பிணங்களோடு போராடி அந்த ஒரு ஆள் மட்டும் தப்பிக்கிறார். விடிகிறது. துப்பாக்கியோடு வந்த ஊர்க்காரர்கள், அவரையும் பிணம் என்று நினைத்து சுட்டுத் தள்ளுகிறார்கள். கொக்கி போட்டு இழுத்துப்போய் எரிக்கிறார்கள். படம் முடிந்தது!

படத்தை விற்பதற்காக பெட்டியை காரில் போட்டுக்கொண்டு நியூயார்க்குக்குப் போகிறார் ரொமேரோ. வழியில் ரேடியோவில் செய்தி. கருப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். தேதி, 1968 ஏப்ரல் 4.

பெரிய கம்பெனிகள் கைவிரித்தன. 'கருப்பு வெள்ளை ஓடாது' என்று ஒரு கம்பெனி சொன்னது. இன்னொன்று, 'முடிவை சந்தோஷமாக மாற்று, வாங்கிக்கொள்கிறோம்' என்றது. ரொமேரோ மாற்றவில்லை. கடைசியில் வால்டர் ரீட் என்ற விநியோக நிறுவனம் படத்தை எடுத்துக்கொண்டது.

போனது அந்த ஒரு வரி

இங்கேதான் வந்தது வினை.

படத்துக்கு ரொமேரோ குழுவினர் வைத்த பெயர், 'மாமிசம் தின்பவர்களின் இரவு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். வேறொரு படத்தின் பெயரோடு மோதும் என்பதால், விநியோக நிறுவனம் அதை 'நைட் ஆப் த லிவிங் டெட்' என்று மாற்றியது. தமிழில் சொன்னால், உயிருள்ள பிணங்களின் இரவு.

பெயரை மாற்ற வேண்டும் என்றால் டைட்டில் காட்டும் அந்தத் துண்டு பிலிமை வெட்டி எடுத்துவிட்டு புதுசாக ஒட்ட வேண்டும். பழைய துண்டில், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'காப்பிரைட்' குறியும் ஆண்டும் உரிமையாளர் பெயரும் இருந்தன. புதுசில் அந்த வரியை போட மறந்துவிட்டார்கள். யாரும் கவனிக்கவும் இல்லை.

'இதில் என்ன, கதை எழுதினவன் அவன், எடுத்தவன் அவன், அது எல்லோருக்கும் தெரியுமே' என்று கேட்கலாம். அமெரிக்காவில் அன்று இருந்த சட்டம் அப்படி இல்லை. 1909-ம் ஆண்டு போட்ட சட்டம் அது. ஒரு புத்தகமோ சினிமாவோ வெளியாகும்போது அதில் காப்பிரைட் குறிப்பு அச்சாகி இருக்க வேண்டும். இல்லை என்றால் அது பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் காப்பி போடலாம், விற்கலாம், திரையிடலாம். படைத்தவனுக்கு ஒரு பைசா தர வேண்டியது இல்லை.

பத்திரத்தில் ஒரு வரி விட்டுப்போனதால் வீடே ஊருக்குச் சொந்தமான கதைதான்.

இந்தக் கெடுபிடி பிற்காலத்தில் தளர்ந்தது. 1978-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம், விட்டுப்போன குறிப்பை சரிசெய்ய அவகாசம் கொடுத்தது. 1989 மார்ச்சில் இருந்து குறிப்பே கட்டாயம் இல்லை என்றானது. எந்தச் சலுகையும் 1968-ல் வெளியான ரொமேரோ படத்துக்கு உதவவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி பிட்ஸ்பர்க்கில் படம் ரிலீஸ் ஆனது. அமெரிக்காவில் வயசு பார்த்து ஆளை விடும் தணிக்கை முறை அடுத்த மாதம்தான் அமலுக்கு வந்தது. எனவே பகல் காட்சிக்கு சின்னப் பிள்ளைகள் எல்லாம் தனியாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கமான ரப்பர் பூதம் வரும், சிரிக்கலாம் என்று வந்த பிள்ளைகள் தேம்பித்தேம்பி அழுததை, சிகாகோவில் நேரில் பார்த்த விமர்சகர் ரோஜர் எபர்ட் 1969 ஜனவரியில் பத்திரிகையில் எழுதினார். படத்தின் பெயர் ஊரெல்லாம் பரவியது.

ஆண்டுக்கணக்கில் நள்ளிரவுக் காட்சியாக ஓடியது. நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகம் 1970-ல் கூப்பிட்டு திரையிட்டது. வசூல் கோடிக்கணக்கில். ஆனால் பணம் போட்டவர்களுக்கு வந்து சேர்ந்தது கொசுறுதான். விநியோக நிறுவனத்தின் மீது வழக்கு போட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போக, அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது.

வீடியோ கேசட் காலம் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். கண்டவர்கள் எல்லாம் அந்தப் படத்தை கேசட் போட்டார்கள். பிறகு சி.டி., டி.வி.டி. சிலர் கலர் அடித்துக்கூட விற்றார்கள். வேறு சினிமாக்களில் ஒரு கதாபாத்திரம் வீட்டில் டி.வி. பார்ப்பதாக காட்சி வந்தால், அந்த டி.வி.யில் ஓடுவது பல நேரம் ரொமேரோவின் படம்தான். ஏன்? சும்மா கிடைக்கிறதே!

பெயரிலும் பங்கு பிரிந்தது. கதையை சேர்ந்து எழுதிய ஜான் ருசோ தனி வழி போனபோது 'லிவிங் டெட்' என்ற சொல் அவர் பக்கம் போனது. 'டெட்' மட்டும் ரொமேரோவிடம் மிஞ்சியது. ரொமேரோவின் பிந்தைய படங்களில் 'லிவிங்' இல்லாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

வணிக வளாகத்தில் ராத்திரி ஷூட்டிங்

முதல் படத்தில் இப்படி அடிபட்டவர் அடுத்து எடுத்த மூன்று படங்களும் ஓடவில்லை. ஒன்று காதல் கதை. ஒன்று சூனியம் கற்கும் குடும்பப்பெண் கதை. 1973-ல் வந்த 'த கிரேசிஸ்', ராணுவத்தின் விஷக்கிருமி ஊர்த் தண்ணீரில் கலந்து ஜனங்களுக்கு பைத்தியம் பிடிக்கிற கதை. கடன் ஏறியது. வயிற்றுப்பாட்டுக்கு விளையாட்டு வீரர்களைப் பற்றி டி.வி. படங்கள் எடுத்தார்.

அப்போது பிட்ஸ்பர்க் பக்கம் மன்ரோவில் என்ற இடத்தில் பிரமாண்ட வணிக வளாகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் ரொமேரோவுக்குப் பழக்கம். சுற்றிக்காட்டினார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள், எதையோ பறிகொடுத்த மாதிரி கடை கடையாக நடந்துகொண்டு இருந்தார்கள். ரொமேரோ மண்டையில் பொறி தட்டியது. செத்த பிறகும் பழக்கதோஷத்தில் ஜனங்கள் ஷாப்பிங் வந்தால் எப்படி இருக்கும்?

அதுதான் 1978-ல் வந்த 'டான் ஆப் த டெட்'. இத்தாலியின் பேய்ப்பட டைரக்டர் டாரியோ அர்ஜென்டோ பணத்துக்கு கைகொடுத்தார். ரோம் நகருக்கே கூப்பிட்டு கதை எழுத வைத்தார்.

பகலில் வளாகம் திறந்திருக்கும். எனவே கடைகள் அடைத்த பிறகு ராத்திரி ஆரம்பித்து விடியற்காலை வரை ஷூட்டிங். காலையில் தானாகவே பாட்டு போடும் மெஷின் ஒலிக்க ஆரம்பிக்கும். அதை நிறுத்த வழியில்லை. பாட்டு வந்தால் 'பேக்கப்'. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைகளில் அலங்காரம் கட்டியதால் ஷூட்டிங்கையே சில வாரம் நிறுத்திவைத்தார்கள்.

மேக்கப் செய்தவர் டாம் சவினி. முதல் படத்திலேயே வேலை செய்திருக்க வேண்டியவர். ராணுவத்தில் சேர்ந்து வியட்நாம் போருக்கு போட்டோகிராபராகப் போய்விட்டார். அங்கே நிஜப் பிணங்களைப் பார்த்துவிட்டு வந்த கை, சினிமாவுக்கு பிணம் செய்தது.

தணிக்கையில் 'எக்ஸ்' சான்றிதழ்தான் கிடைக்கும் என்ற நிலை. ஆபாசப் படம் என்ற முத்திரை அது. பல பத்திரிகைகள் விளம்பரமே வாங்காது. வெட்டினால் தப்பலாம். ரொமேரோ வெட்டவில்லை. சான்றிதழே இல்லாமல் படத்தை வெளியிட்டார்கள். பிய்த்துக்கொண்டு ஓடியது!

பாதி பணத்தில் படம்

மூன்றாவது பிணப் படம் 'டே ஆப் த டெட்', 1985. சுமார் 70 லட்சம் டாலரில் பெரிதாகத் திட்டம் போட்டார். 'பணம் போடுகிறோம், ஆனால் தணிக்கை சான்றிதழ் வாங்கித் தரவேண்டும்' என்றார்கள் முதலாளிகள். 'கை வைக்காமல் எடுக்க விட்டால் பாதி பணம் போதும்' என்றார் ரொமேரோ. கதையைச் சுருக்கி 35 லட்சத்தில் முடித்தார். அவருடைய குணம் அது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று சொல்பவர்களும் உண்டு.

அந்தப் படம் எடுத்த இடம் பூமிக்கு அடியில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஈரத்தில் கருவிகள் மக்கர் செய்தன. ஒரு காட்சியில் வில்லனின் வயிற்றைக் கிழித்து குடலை உருவுவார்கள். அதற்கு நிஜப் பன்றிக்குடல் வாங்கி பிரிட்ஜில் வைத்திருந்தார்கள். யாரோ பிளக்கை பிடுங்கிவிட, குடல் அழுகி நாறியது. வேறு குடலுக்கு வழியில்லை. அதை வைத்தே எடுத்தார்கள். திரையில் அந்த நடிகர் முகம் சுளிப்பது முழுக்க நடிப்பு இல்லை.

பிணமாக நடிக்க ஊர்ஜனங்கள் திரண்டு வந்தார்கள். சம்பளம் ஒரு டாலர், கூடவே 'நான் பிணமாக நடித்தேன்' என்று எழுதிய தொப்பி. அதில் சவினியிடம் எடுபிடியாக வேலை கற்ற உள்ளூர் இளைஞர் கிரெக் நிகோடெரோ. 2010-ல் ஆரம்பித்து 2022 வரை சக்கைப்போடு போட்ட 'த வாக்கிங் டெட்' டி.வி. தொடரின் மேக்கப்புக்கும் தயாரிப்புக்கும் பிற்காலத்தில் தூணாக இருந்தவர் இவர்தான்.

நடுவில் 1982-ல் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்குடன் சேர்ந்து எடுத்த 'கிரீப்ஷோ' நல்ல வசூல். ஹாலிவுட் கதவு திறந்தது. ஆனால் உள்ளே போனவருக்கு மூச்சு முட்டியது. 1988-ல் எடுத்த 'மங்கி ஷைன்ஸ்' படத்தின் முடிவை கம்பெனி மாற்றியது. அடுத்த படம் எடுத்து முடித்த நேரத்தில் கம்பெனியே திவால். படம் பெட்டிக்குள் தூங்கி 1993-ல்தான் வெளியே வந்தது. அதன் பிறகு 7 ஆண்டுகள் ஒரு படம்கூட வரவில்லை. கதை எழுதச் சொல்வார்கள், காசும் கொடுப்பார்கள், படம் மட்டும் நடக்காது. 'ரெசிடென்ட் ஈவில்' வீடியோ கேமை படமாக்க அவரை அழைத்து திரைக்கதை எழுத வைத்துவிட்டு, வேறு டைரக்டருக்குக் கொடுத்தார்கள். அந்த கேமே ரொமேரோ படங்களின் பாதிப்பில் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் படத்தின் காசை எப்படியாவது மீட்கலாம் என்று ஒரு முயற்சியும் நடந்தது. அதே கதையை 1990-ல் கலரில் திரும்ப எடுத்தார்கள். சவினி டைரக்டர், ரொமேரோ தயாரிப்பில் ஒருவர். இந்த முறை காப்பிரைட் வரி மறக்காமல் இடம்பெற்றது. படம் ஓடவில்லை.

கடைசிக் காலம்

'டான் ஆப் த டெட்' கதையை 2004-ல் வேறொருவர் ரீமேக் செய்து வசூலைக் குவித்த பிறகுதான், ரொமேரோவின் நினைப்பு பெரிய கம்பெனிக்கு வந்தது. 2005-ல் 'லேண்ட் ஆப் த டெட்' எடுத்தார். பணக்காரர்கள் மட்டும் உயர்ந்த கோபுரத்தில் பாதுகாப்பாக வாழ, ஏழைகள் கீழே சாகிற கதை. அதற்குப் பிறகு 2007, 2009-ல் இரண்டு சின்னப் படங்கள். கனடாவின் டொரண்டோ நகருக்கே குடிபோய்விட்டார்.

'த வாக்கிங் டெட்' தொடரில் ஒரு பகுதியை டைரக்டு செய்யக் கூப்பிட்டபோது மறுத்துவிட்டார். நடுநடுவே பிணம் வருகிற குடும்பத் தொடர் அது என்பது அவர் கருத்து. சமூகத்தைக் குத்திக்காட்டத்தான் பிணத்தை எழுப்பினார், சும்மா பயமுறுத்த இல்லை. கோடிகளைக் கொட்டி மற்றவர்கள் ஜாம்பி படம் எடுக்க ஆரம்பித்த பிறகு, சின்ன பட்ஜெட்டில் ஒரு கதை சொல்கிறேன் என்றால் யாரும் பணம் தர முன்வரவில்லை என்று கடைசிப் பேட்டிகளில் வருத்தப்பட்டார்.

2017 ஜூலை 16-ந்தேதி, நுரையீரல் புற்றுநோயால் 77-வது வயதில் டொரண்டோவில் காலமானார். தனக்குப் பிடித்த பழைய சினிமா ஒன்றின் இசையைக் கேட்டபடியே உயிர் பிரிந்தது என்று குடும்பத்தினர் தெரிவித்தனர். ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதித்தது அதே ஆண்டு அக்டோபரில். அவர் போன பிறகு!

முதல் படத்தின் ஒரிஜினல் நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. அதை வைத்து 2016-ல் சுத்தம் செய்து புதுப்பித்தார்கள். அந்த வேலையை அவர் கண்ணால் பார்த்தார்.

இன்னொரு படமும் இருக்கிறது. 1973-ல் ஒரு கிறிஸ்தவ சேவை அமைப்பு, முதியவர்களை மக்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று காட்ட ஒரு படம் எடுத்துத் தரும்படி ரொமேரோவைக் கேட்டது. பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் மூன்றே நாளில் எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு தாத்தா சிரித்தபடி பூங்காவுக்குள் போவார். ஏமாற்றப்பட்டு, அடிபட்டு, கந்தலாகித் திரும்புவார். பிணம் இல்லை, பேய் இல்லை. ஆனாலும் பார்த்த அமைப்பினர் மிரண்டுபோய் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அதன் பிரதி ஒன்று, அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கைக்கு வந்தது. அவருடைய மனைவி முயற்சி எடுத்து அதைப் புதுப்பித்தார். எடுத்து 48 ஆண்டுகள் கழித்து, 2021-ல் 'த அம்யூஸ்மென்ட் பார்க்' என்ற பெயரில் அது வெளியானது.